கொம்பு முதலில், ஒலி பிறகு

மகளுக்கு 247 எழுத்தும் மனப்பாடம். ஆனால் நேற்று பஸ்ஸில் 'வெள்ளவத்தை' பலகையைப் பார்த்துத் திணறிவிட்டாள். கொம்புதான் முதலில் கண்ணில் படுகிறது. 'எ' ஒலியோ 'வ்'வுக்குப் பிறகுதான் வருகிறது. சிங்களத்திலும் இதே கதைதான், பாவம் பிள்ளைகள்.

சரி என்று கொழும்பின் காலி வீதி (Galle Road) நெரிசலில் புத்தகம் இல்லாமலே விளையாடினோம். 'பல்'லில் 'ப'வை எடுத்துவிட்டு 'க' போடு? "கல்." கடைசி 'ல்'லுக்குப் பதில் 'ண்'? கொஞ்சம் யோசித்து, "கண்!" என்று என் இமையைத் தொட்டாள்.

ஒலியைப் பிரிக்கவும் சேர்க்கவும் காது பழக வேண்டும். 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னதும் இதைத்தான். எழுத்தை மட்டும் பக்கம் பக்கமாக எழுத வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தெஹிவளை வருவதற்குள், "வ்... எ... வெ" என்று தானாகவே சொல்லிப் பார்த்தாள்.