மட் கெமிஸ்ட் கும்பிட்ட ஜ்வாலாமுகி

ஹிமாசலப் பிரதேசத்தில் காங்ரா பக்கம் இருக்கும் ஜ்வாலாமுகி கோயிலில் சிலை கிடையாது. பாறை வெடிப்புகளில் தானாக எரியும் தீதான் அம்பாள். சதிதேவியின் நாக்கு விழுந்த சக்தி பீடம் என்பது ஐதீகம். எங்கள் வீட்டில் மட்டும் இந்தக் கோயிலைப் பற்றிப் பேச்சு வந்தால் புராணத்துக்கு முன்னால், எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. வந்துவிடும். காரணம் பெரியப்பா.

அவர் ஓ.என்.ஜி.சி.யில் மட் கெமிஸ்ட்டாக இருந்தவர். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது உள்ளே செலுத்துகிற சேற்றுக் கலவையைச் சோதிப்பது வேலை. அடர்த்தி குறைந்தால் கீழேயிருந்து வாயு பொங்கி வந்துவிடும், கூடினால் பாறை விரிந்து கலவை முழுக்க உள்ளே போய்விடும். 1957-இல் ஓ.என்.ஜி.சி. தன் முதல் ஆய்வுக் கிணற்றைத் தோண்டியது இந்த ஜ்வாலாமுகியில்தான். தரையிலிருந்து தீ வருகிற ஊரில் முதலில் தேடிப் பார்ப்போம் என்று நினைத்தது நியாயம்தானே! பெரியப்பா அப்போது கல்யாணமாகாதவர், பயிற்சியில் இருந்தார். ஷிஃப்ட் முடிந்ததும் குளித்துவிட்டுக் கோயிலுக்கு நடப்பாராம். கிணற்றில் வாயு தென்பட்டது, ஆனால் எடுத்து விற்கிற அளவுக்கு இல்லை. “தனக்கு வேண்டியதை மட்டும் வெச்சுண்டிருக்கா அம்பாள்” என்பார்.

அப்புறம் ஊர் ஊராக மாற்றல். அஸ்ஸாமில் எண்ணெய் வயலின் பெயரே ருத்ரசாகர். பக்கத்து சிவசாகரில், பெரிய குளக்கரையில், அஹோம் ராணி அம்பிகா 1734-இல் கட்டிய சிவதோல் கோயில். குஜராத்தில் அங்கலேஷ்வர், கூப்பிடு தூரத்தில் நர்மதை. பயிற்சிக்காக சோவியத் யூனியனின் பாகுவுக்குப் போனவர் அங்கேயும் ஒரு கோயிலைக் கண்டுபிடித்துவிட்டார். நகருக்கு வெளியே சுராகானி என்ற இடத்தில் ஆதேஷ்கா என்ற தீக்கோயில். வியாபாரத்துக்குப் போன நம் ஊர்க்காரர்கள் வழிபட்ட இடம். கல்வெட்டில் ‘ஸ்ரீ கணேசாய நம’ என்று தொடங்கி ஜ்வாலாஜியின் பெயரும் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் எண்ணெயும் வாயுவும் எடுக்க எடுக்க, அங்கே இயற்கையாக எரிந்த தீ அணைந்துபோனது. இன்று எரிவது குழாயில் வரும் வாயு. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். எடுப்பதுதான் அவர் தொழிலும்.

பம்பாய்க்கு அப்பால் நடுக்கடலில் இருக்கும் எண்ணெய் வயலான பாம்பே ஹையில் இருந்த வருஷங்கள்தான் அவருக்குச் சோதனை. ஜுஹுவிலிருந்து ஹெலிகாப்டரில் போய்ப் பதினான்கு நாள் கடலில், பதினான்கு நாள் வீட்டில். ஏறுவதற்கு முன்பே தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சந்தியாவந்தனம் தவறாத மனுஷர், கேபினில் பிள்ளையார் படத்துக்கு டார்ச் அடித்துத் தீபாராதனை முடிப்பாராம். “பிள்ளையாருக்கும் சேஃப்டி ரூல் உண்டுடா.”

பெரியப்பா காலமானபின், முதல் வருஷத் திதியான வருஷாப்திகம் முடியும்வரை நாங்கள் மலைக்கோயில் எதற்கும் போகவில்லை. முடிந்ததும் பெரியம்மா, “அவரோட எல்லா ஊர்லயும் குடித்தனம் பண்ணியாச்சு, அந்த ஜ்வாலாமுகி ஒண்ணுதான் பாக்கி” என்றாள். பதான்கோட் வரை ரயில், பிறகு கார். கோயிலுக்கு ஏறும் வழி நெடுக இருபுறமும் கடைகள், சிவப்புத் துணி, தேங்காய், வளையல். எண்பதைத் தாண்டிய பெரியம்மா கைப்பிடியை விடாமல் ஏறினாள். மேலே ரஞ்சித் சிங் பொன் வேய்ந்த விமானம். அக்பர் தீயை அணைக்கப் பார்த்துத் தோற்று, தங்கக் குடை சமர்ப்பித்த கதையை வழியெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை.

உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிஷம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. திருவண்ணாமலைக் கார்த்திகை தீபத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் அப்படித்தான். சுவரோரப் பிளவில் விரல் நீளச் சுடர். அடி நீலம், நுனி மஞ்சள். காற்றில் சாய்கிறது, நிமிர்கிறது. திரி இல்லை, எண்ணெய் இல்லை, கரியும் அதிகமில்லை. இப்படி ஒன்பது ஜோதிகள். மகாகாளி, அன்னபூர்ணா, ஹிங்லாஜ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பண்டா என்று அங்கே சொல்லப்படும் பூசாரி, பேடாவைச் சுடரில் காட்டிக் கையில் கொடுத்தார்; ஓரம் இளகியிருந்தது. கேஸ் வாடை வருகிறதா என்று மூக்கை இழுத்துப் பார்த்தேன். நெய்யும் ஊதுபத்தியும்தான். சிலிண்டர் கேஸில் வரும் வாடை, கசிந்தால் தெரியட்டும் என்று நாம் சேர்ப்பது என்று பெரியப்பா சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை அவரிடம் வம்புக்கே கேட்டிருக்கிறேன், “அது வெறும் மீத்தேன்தானே பெரியப்பா?”

“மீத்தேன்தான். யாரு இல்லேன்னா? அதை அங்க யாரு வெச்சா, எப்ப வெச்சான்னு கணக்குப் போட்டுத்தான் எனக்குச் சம்பளமே. அதனால சேவிக்கக் கூடாதா?”

கொஞ்சம் மேலே கோரக் டிப்பி. சின்னக் குழியில் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழ் விடுகிறது, கையால் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. வாயுதான் குமிழாக வருகிறது. அங்கிருந்தவர் சுடரைக் கிட்டே காட்டியதும் தண்ணீர்மேல் குப்பென்று தீ ஓடி அணைந்தது. பெரியம்மா சிரித்துவிட்டாள். “இதைப் பார்த்தா அந்த பாம்பே ஹை சேஃப்டி ஆபீசர் மயக்கம் போட்டு விழுந்திருப்பான்!”

சங்கல்பத்துக்கு உட்கார்ந்தபோது பண்டா எந்த ஊர் என்று கேட்டார். பெரியம்மா அஸ்ஸாமில் கற்ற ஹிந்தியில் சிவசாகர், அங்கலேஷ்வர், டேராடூன், பம்பாய், காரைக்கால் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஏதாவது ஒன்று சொன்னால் போதும் மாதாஜி என்றார். “அப்போ ஜ்வாலாமுகின்னே போட்டுக்கோங்கோ” என்றாள் பெரியம்மா.