கல்யாணக் காரும் கப்பி ரோடும்

மாப்பிள்ளையைத் தங்கச்சியே பார்த்துக்கொண்டாள். அதில் கருத்துச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் இடம் கிடைக்கவில்லை. அந்தக் குறை மொத்தமும் கார் விஷயத்தில் வந்து விடிந்தது.

மண்டபம் இருக்கிற இடம்தான் தெரியுமே. தார் ரோடு தீர்ந்து, கப்பி ரோடு தொடங்கி, அதுவும் சலித்துப்போய் வாய்க்கால் கரையோடு ஒதுங்கிக்கொள்ளும் இடம். "பேக்ரவுண்டு பிரமாதம்" என்று அந்த இடத்தைக் கைகாட்டியது போட்டோகிராபர். அவர் பைக்கில் வருகிறவர்.

தங்கச்சிக்குத் திறந்த கார் வேண்டும். கூரை மடங்குகிற மாதிரி. தைக்கக் கொடுத்திருந்த உடையோடு ஒரு துப்பட்டா வேறு, அது அவளைவிட நீளம். காற்றில் பறக்க வேண்டுமாம். மாமா பேப்பரை மடித்து வைத்தார். மாமா பேப்பரை மடித்தால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"பாப்பா, 1927, செப்டம்பர் மாசம், பிரான்ஸில் நீஸ் நகரம். இஸடோரா டங்கன் என்று பெரிய நாட்டியக்காரி. கழுத்தில் நீளமாகப் பட்டுச் சால்வை. திறந்த காரில் ஏறினாள். சால்வை நுனி சக்கரத்தில் சிக்கியது. அவ்வளவுதான்."

கல்யாண வீட்டில் எடுக்கிற கதையா இது? அத்தை கையிலிருந்த டம்ளரை வைத்த சத்தத்தில் மாமா திரும்பப் பேப்பரை விரித்துக்கொண்டார். ஆனால் தங்கச்சி அன்று ராத்திரி துப்பட்டாவைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி டெய்லருக்கு போன் போட்டாள். திறந்த காரும் அதோடு போயிற்று. கப்பி ரோட்டுப் புழுதியில் திறந்த காரில் வந்தால் மணப்பெண் எந்த நிறத்தில் வந்து இறங்கியிருப்பாள் என்பது வேறு விஷயம்.

அடுத்து சித்தப்பா. அவருக்கு எந்தக் கார் ஆனாலும் ஐம்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும். பழைய கார் வாடகைக்கு விடுகிற ஒருவரைத் தெரியுமென்று ஆரம்பித்தவர், நேராக ஃபோர்டு மாடல் டிக்குப் போய்விட்டார். 1908 முதல் 1927 வரை, ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்து தள்ளிய கார். ("பார், அதே 1927!" என்று மாமா பேப்பருக்குப் பின்னாலிருந்து.) அந்தக் காலத்தில் ரோடே கிடையாது, இருந்தும் ஓடியது, நம் வாய்க்கால் கரை எம்மாத்திரம் என்பது சித்தப்பாவின் வாதம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "பெட்ரோல் டாங்க் சீட்டுக்கு அடியில். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக வழிந்து இன்ஜினுக்குப் போகணும். டாங்கில் கொஞ்சமாக இருந்து செங்குத்தான மேடு வந்தால் போகாது. அதனால் காரைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவார்கள். என்ன மூளை பார்!"

அப்பா கேட்டது ஒரே கேள்வி. "என் பொண்ணைப் பின்பக்கமாகவா மண்டபத்துக்குக் கொண்டுபோவே?"

வாடகைக்கு இருந்தது மாடல் டி இல்லை, அது பம்ப் வைத்த கார்தான் என்று சித்தப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. நியாயமான காரணமும் ஒன்று இருந்தது. பழைய கார்களில் ரேடியேட்டர் ஃபேனை இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றும். இன்ஜின் மெதுவாக ஓடினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். கல்யாணக் கார் நடைவேகத்தில்தான் போகும். அதன் மூக்கிலேயே அலங்காரம் என்று பூவைக் கொண்டுபோய் அடைத்தால் காற்று எந்த வழியாகப் போகும்? பாதி வழியில் பானட்டிலிருந்து ஆவி கிளம்பும். போட்டோகிராபர் அதையும் பேக்ரவுண்டு பிரமாதம் என்பார்.

அப்புறம் மாப்பிள்ளையின் நண்பர்கள் லிமோசின் அனுப்பினார்கள். ஒத்திகைக்குத்தான்.

வாடகைக்கு விட்ட கம்பெனிக்காரர்கள் போனில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், உள்ளே என்ன கலர் லைட் வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். ரோடு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் நீளம் கூடக் கூட, மேட்டைக் கடக்கும்போது வயிறு தட்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாய்க்கால் பாலம் திமில் வைத்த பாலம். லிமோசின் முன் சக்கரங்களை அந்தப் பக்கம் இறக்கியது, பின் சக்கரங்கள் இந்தப் பக்கம் நின்றன, நடுவில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டது. உள்ளே ஊதா லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

டிராக்டர் வந்தது. கயிற்றை எங்கே மாட்டுவது என்று டிரைவருக்கே தெரியவில்லை. இழுவைக் கொக்கி டிக்கியில் ஸ்பேர் வீல் பக்கத்தில் தனியாகக் கிடக்கும், பம்பரில் ஒரு சின்ன மூடியைப் பெயர்த்து அந்த ஓட்டையில் திருக வேண்டும் என்பதைச் சித்தப்பாதான் கண்டுபிடித்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. டிராக்டர்க்காரர் இறங்கி வந்து காரை ஒரு முறை நீளவாக்கில் நடந்து பார்த்தார். "இதில் பாதி போதாதா?" என்றார். நிதானமான மனிதர்.

அதற்குப் பிறகுதான் அப்பா டேப்பை எடுத்தார். பள்ளத்தை எல்லாம் அளந்து, பாலத்து மேட்டை அளந்து, எழுதி வைத்துக்கொண்டார். சாதாரண செடான் காரின் அடிவயிற்றுக்கும் ரோட்டுக்கும் இடைவெளி 16, 17 சென்டிமீட்டர். எஸ்யுவி என்றால் 20 ஒட்டி. சரி, எஸ்யுவி என்று முடிவாகியிருக்க வேண்டும். அப்பா விடவில்லை. அந்த அளவெல்லாம் பெரும்பாலும் ஆளில்லாத காருக்குச் சொல்வது, ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், ஆகவே மணப்பெண்ணோடு யார் யார் வருகிறீர்கள், ஒவ்வொருத்தர் எடை என்ன என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டுவிட்டார்.

பெரியம்மா இன்றுவரை அப்பாவோடு பேசவில்லை.

எஸ்யுவிதான் வந்தது. வெள்ளை நிறம். மழை பெய்யாமல் இருக்க எல்லாரும் வேண்டிக்கொண்டது மணமக்களுக்காக இல்லை, அந்த வெள்ளைக்காக. கார் உயரம் என்றால் படியும் உயரம் என்பதை அத்தனை அளவெடுத்தவர் அளக்க மறந்திருந்தார். அந்த உடையில் தங்கச்சியால் கால் தூக்கி வைக்க முடியவில்லை. அத்தை சமையல்கட்டிலிருந்து இரும்பு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். ஒரு கால் கொஞ்சம் குட்டையான அதே ஸ்டூல்தான். ஏறியதும் அதையும் காருக்குள் வைத்துக்கொண்டார்கள், இறங்கவும் வேண்டுமே. ஆல்பத்தில் மாப்பிள்ளை இல்லாத படங்கள் உண்டு. ஸ்டூல் இல்லாத படம் இல்லை.

விருந்தினர் வந்த கதை தனி. மண்டபத்துக்கென்று மேப்பில் போட்டு அனுப்பிய புள்ளி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தது. அந்தப் பக்கம் போனவர்களுக்கு மண்டபம் தெரிந்தது, மேளச் சத்தம் கேட்டது, வழிதான் இல்லை. போன் போட்டுக் கேட்கலாமென்றால் தார் ரோட்டோடு சிக்னலும் தீர்ந்துவிடும். என்னை முக்கு ரோட்டில் நிற்க வைத்தார்கள். கிராமத்தில் கல்யாணம் வைப்பவர்கள் காருக்கு முன்னால் முக்கு ரோட்டில் நிற்க ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவருக்கு ஒரு நாற்காலியும் கொடுங்கள். எனக்குக் கொடுக்கவில்லை.

முக்கு ரோட்டில் நின்றதால்தான் ஒன்று கண்ணில் பட்டது. கரையோரம் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளுக் கிளைகள் ஒன்றுகூட இல்லை. பாலம் வரை, கார் உயரத்துக்கு, ஒழுங்காக வெட்டி ஒதுக்கியிருந்தது. வெட்டுப்பட்ட இடம் இன்னும் பச்சையாக ஈரமாக இருந்தது. மண்டபத்துக்காரர் வேலை என்று நினைத்தேன். அவர் தமக்குத் தெரியாதே என்றார். பந்தியில் மாமா இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது உள்ளங்கையில் கொப்புளம், முழங்கைவரை கீறல். கேட்டதற்கு, "காரில் கீறல் விழுந்தால் அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வான். அதுக்காகத்தான். வேற ஒண்ணும் இல்லே" என்றார். துப்பட்டா நீட்டிக்கொண்டே போனாலும் எதிலும் சிக்காது என்று அவராகவே சேர்த்துக்கொண்டார். தங்கச்சியிடம் சொல்லாதே என்றார். சொன்னேன். அவள் மேக்கப் கலைந்துபோய், மறுபடி போட அரைமணி நேரம் ஆயிற்று.

போகிற வழியை இவ்வளவு யோசித்தவர்கள் திரும்புகிற வழியை யோசிக்கவில்லை. ராத்திரி அந்த ரோட்டில் வாடகைக் கார் எதுவும் எட்டிப் பார்க்காது. வரும்போது ஆளுக்கொரு வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் போகும்போது ஒரே வேனைத்தான் நம்பினார்கள். பெரியம்மா அப்பா ஏறிய வேனில் ஏறமாட்டேன் என்று நின்றது தனிக் கூத்து. கடைசியில் அவரை ஏற்றிப் போனது யார் என்கிறீர்கள்? அந்த டிராக்டர்க்காரர். டிராக்டரில் இல்லை, அவருடைய காரில். விருந்துக்கு வந்திருந்தார்.

நேற்று எஸ்யுவிக்காரர்களிடமிருந்து போன். பின் கதவின் கீழ் ஓரத்தில் கீறல், ஆகவே அட்வான்ஸ் கிடைக்காது. மாமா கொதித்துப்போய்விட்டார். "ஒரு கிளை விடாமல் வெட்டினவன் நான், எங்கேயிருந்து வரும் கீறல்?" என்று நேரில் போய், மண்டிபோட்டுப் பார்த்திருக்கிறார். கீறல் முள்ளு கிழித்தது இல்லை. இரும்பு. உயரத்தை அளந்தால் ஸ்டூலுக்குச் சரியாக வருகிறது.

அந்த ஸ்டூலை யார் கொண்டுவந்து போட்டது என்று குரூப்பில் கேட்டார். அத்தை குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார். அடுத்த அறையிலிருந்துதான்.