பனிக்குடச் சவ்வுக்காக நடையாய் நடந்த கதை

ஒருவழியாக எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கைக்கு வந்துவிட்டது. சென்னையில் திசுப் பொறியியலில் பிஎச்.டி. செய்கிறவர்கள், அதிலும் லேப் ஓரிடம், ஆஸ்பத்திரி ஓரிடம் என்று இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு விண்ணப்பத்தில் கை வையுங்கள்.

எங்களுக்குத் தேவை பனிக்குடச் சவ்வு, அதாவது கர்ப்பப்பைக்குள் குழந்தையைச் சுற்றியிருக்கும் பையின் மெல்லிய உள்சவ்வு. சிசேரியன் முடிந்ததும் நஞ்சுக்கொடியோடு மஞ்சள் பையில் போடப்பட்டு எரிக்கப்படுவதுதான். ரத்தக் குழாயோ நரம்போ கிடையாது. 1910-லேயே தோல் ஒட்டுக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். அதிலுள்ள செல்களை நீக்கிவிட்டு, மிஞ்சும் கொலாஜன் என்ற புரதச் சட்டகத்தில், வெளியில் வாங்கிய தோல் செல்களை வளர்த்துத் தீக்காயத்துக்கு உதவுமா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. எரிக்கப்போவதைக் கேட்க இத்தனை கையெழுத்தா என்ற கடுப்பு இன்னும் ஆறவில்லை.

முதல் அடி தபால் பிரிவில். தலைப்பைப் பார்த்ததுமே, “இது ஸ்டெம் செல் கேஸ்மா, அந்தக் கமிட்டிக்குப் போகணும்” என்று கிளார்க் ஃபைலைத் தள்ளிவிட்டார்.

“அதுல இருக்கிற செல்லே எங்களுக்கு வேண்டாம் சார், சவ்வு மட்டும் போதும்.”

“செல் இல்லாம டிஷ்யூ ஏதும்மா?”

கேள்வியில் தப்பில்லை, பதில் கேட்கத்தான் அவருக்கு நேரமில்லை. 2017-ஆம் ஆண்டின் தேசிய ஸ்டெம் செல் வழிகாட்டுதல்களின்படி, ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஆராய்ச்சி என்றால்தான் அந்தத் தனிக் கமிட்டி. “ஸ்டெம் செல் எதுவும் பிரித்தெடுக்கப்படாது” என்று கவரிங் லெட்டரின் முதல் பத்தியிலேயே எழுதி, கைடு கையெழுத்தோடு கொடுத்த பிறகு இன்வர்ட் நம்பர் விழுந்தது. நீங்கள் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

அடுத்து, “உங்க இன்ஸ்டிட்யூட் அனுமதி எங்கே?” என்றது ஆஸ்பத்திரி. இன்ஸ்டிட்யூட்டோ, ஆஸ்பத்திரி அனுமதி இல்லாமல் ஃபைலைத் தொடமாட்டேன் என்றது. பல இடங்களில் நடக்கும் ஆய்வுக்குப் பொதுவான ஒரே பரிசீலனை போதும் என்பதற்கு ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைகளில் இடமிருக்கிறது. அந்தப் பக்கத்தையே அச்செடுத்து நீட்டினேன். “அதெல்லாம் சரிம்மா, எங்க ஃபார்மேட்ல இல்லையே.” கடைசியில் வழி சொன்னவர் ஆஸ்பத்திரி கமிட்டியின் மெம்பர் செக்ரட்டரி டாக்டர்தான். “ஆஸ்பத்திரி அனுமதிக்கு உட்பட்டு” என்று ஒரு நிபந்தனைக் கடிதம் இன்ஸ்டிட்யூட்டிடம் வாங்கிவரச் சொன்னார். அந்த ஒரு வரியில் பூட்டு திறந்தது.

கமிட்டிக் கூட்டத்துக்குப் போகுமுன் கோரம் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள்கணக்கு) இருக்கிறதா என்று முந்தைய நாளே போன் போட்டுக் கேளுங்கள். குறைந்தது 5 உறுப்பினர் வேண்டும், அதில் அந்த நிறுவனத்தைச் சேராத வெளியாள் ஒருவராவது இருக்க வேண்டும். அவர் வராததால், பறக்கும் ரயிலில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போன நான் மதியம்வரை வராந்தாவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

கூட்டம் நடந்தபோது கொலாஜனைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பொதுமக்கள் சார்பில் வந்திருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா மட்டும், “வலியில துடிக்கிறவகிட்ட போய்க் கையெழுத்து வாங்குவீங்களா?” என்றார். சரியான கேள்வி. திட்டமிட்ட சிசேரியன் மட்டும், ஒப்புதல் மாதாந்திர செக்கப்பின்போதே என்று அங்கேயே மாற்றினோம். எங்களுக்கும் அதுதான் லாபம். பனிக்குடம் உடையுமுன் எடுத்தால் கிருமித் தொல்லை குறைவு. ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் முடிவுகளையும் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

ஒரே சிக்கல், திட்டமிட்ட சிசேரியன் என்றால் நல்ல நேரம் பார்ப்பார்கள். அஷ்டமி, நவமியில் சாம்பிளை எதிர்பார்க்காதீர்கள். முகூர்த்த நாளில் மொத்தமாக வந்து குவியும், ஃப்ரீசரில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மாமியார்கள். “பேரனுக்குப் பின்னாடி ஏதாவது வியாதி வந்தா இதைத் திருப்பித் தருவீங்களா?” என்பார்கள். பின்னாளில் உதவும் என்று தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் வாங்கிச் சேமித்து வைக்கும் தொப்புள்கொடி பேங்க் விளம்பரம் செய்கிற வேலை. சேமித்து வைக்கமாட்டோம், திருப்பித் தரமாட்டோம், பணமும் கேட்கமாட்டோம் என்ற மூன்றையும் ஒப்புதல் படிவத்தின் தலையிலேயே போட்டுவிடுங்கள். படித்துக் காட்டும்போது மாமியாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மருமகள் முடிவு சொல்லுமுன் அவர் முகத்தைத்தான் பார்க்கிறாள்.