கண்ணை மூடிக்கொள்ளும் தவளை

இந்தத் தவளையைக் கையில் எடுத்ததும் அது செய்யும் முதல் காரியம், இரண்டு முன்னங்கால்களையும் தூக்கி முகத்தை மூடிக்கொள்வது. எதிரியிடமிருந்து தலையைக் காத்துக்கொள்ளும் வழி அது. ஆனால் முதல் நாள் எனக்கு நினைவுக்கு வந்தவர்கள், கோயம்புத்தூரில் ஸ்கேன் அறைக்கு வெளியே முந்தானையால் முகத்தை மறைத்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்கள்தாம். இரண்டாவது காரியம், பிடித்த கையிலேயே சிறுநீர் கழிப்பது. எங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவதுதான்.

கோயம்புத்தூரில் ஒன்பது ஆண்டுகள் ஒரு கருத்தரிப்பு மையத்தில் எம்பிரியாலஜிஸ்டாக, அதாவது முட்டையையும் விந்தையும் சேர்த்துக் கருவை வளர்ப்பவளாக, வேலை பார்த்தேன். கணவருக்கு அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் வேலை கிடைத்ததால் வந்து சேர்ந்தேன். கொஞ்ச காலம் வீட்டில் சும்மா இருந்துவிட்டு, அழியும் நிலையிலுள்ள தவளைகளுக்குச் செயற்கைக் கருத்தரிப்பு செய்யும் ஓர் ஆய்வகத்தில் விண்ணப்பித்தேன். "மனிதக் கருவையே கையாண்டிருக்கிறீர்கள், தவளையின் கரு உங்களுக்குச் சுலபம்" என்றார் நேர்காணலில் இருந்தவர். கேலியில்லை, நம்பித்தான் சொன்னார். எவ்வளவு தவறாகச் சொன்னார் என்பது எங்கள் இருவருக்கும் பிறகுதான் தெரிந்தது.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "மழை பெய்தால் குட்டையெல்லாம் அதுதானே கத்துகிறது? அதற்குமா ஊசி போட்டுப் பிள்ளை உண்டாக்குகிறீர்கள்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. எங்கள் ஆய்வகத்தில் இருப்பது மிசிசிப்பி கோஃபர் தவளை. உள்ளங்கைக்குள் அடங்கும், முதுகு முழுக்கக் கரடு. மழையில் கத்துவதில் குறையில்லை, ஆண் கத்துவது குறட்டை விடுவதைப் போலவே இருக்கும். ஆனால் மழையும் குட்டையும் அதற்குப் போதா. வாழ்நாளில் பெரும்பகுதியை அது கோஃபர் ஆமைகள் தோண்டிய வளைகளிலும், மட்கிய மரக்கட்டைகளுக்கு அடியிலும் கழிக்கிறது. அந்த வளைகள் நீண்ட ஊசியிலைப் பைன் காடுகளில் இருக்கின்றன. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒருகாலத்தில் சுமார் 9 கோடி ஏக்கர் பரவியிருந்த அந்தக் காட்டில் இன்று மிகச் சிறு பங்குதான் மிச்சம். குளிர்கால மழையில் நிரம்பிக் கோடையில் வற்றிவிடும் குட்டைகளில்தான் முட்டையிடும், ஏனென்றால் அவற்றில் மீன் இருக்காது. மழை ஏமாற்றினால், தலைப்பிரட்டைக்குக் கால் முளைப்பதற்குள் குட்டை வறண்டுவிடும். 2001இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அரசு இதைப் பட்டியலில் சேர்த்தபோது, தொடர்ந்து இனப்பெருக்கம் நடந்ததாகத் தெரிந்தது ஒரே ஒரு குட்டையில். ஓர் இனமே ஒரு குட்டையை நம்பியிருந்தது.

பிடித்துவந்து வளர்த்தால் தானாகப் பெருகாதா என்றால், மாட்டேன் என்கிறது. பெட்டிக்குள் இரைக்குக் குறைவில்லை, பாம்பு பயம் இல்லை. ஆனால் காற்றழுத்தம் இறங்குவது, முதல் மழையின் மணம், இரவுக் குளிர் என்று அதன் உடல் எதிர்பார்க்கும் சங்கதிகளில் ஏதோ ஒன்று விடுபட்டுப்போகிறது. குழாய்களில் துளையிட்டு மழை பெய்வித்துப் பார்த்திருக்கிறோம். நம் நாட்டில் சில ஊர்களில் மழை வருவதற்காகத் தவளைக்குக் கல்யாணம் செய்து வைப்பார்கள். இங்கே தவளைக்குக் கல்யாணம் நடப்பதற்காக நாங்கள் மழை பெய்வித்தோம். இரண்டிலும் தவளைக்குப் பெரிதாக ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. 2008இல் மெம்ஃபிஸ் விலங்குக் காட்சிசாலையில் இந்த இனம் பெருகியதே செயற்கைக் கருத்தரிப்பின் வழியாகத்தான்.

ஆகவே ஊசி. குளிர்பெட்டியைத் திறந்து மருந்துக் குப்பியை எடுத்த அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே எச்.சி.ஜி. கோயம்புத்தூரில் முட்டை முதிர்வதற்கு மணி பார்த்துப் பெண்களுக்குப் போட்ட அதே ஹார்மோன், கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுப்பது. இதற்கும் தவளைகளுக்கும் பழைய உறவு உண்டு. 1930களில் லான்சலாட் ஹாக்பன் என்ற விஞ்ஞானியின் ஆய்விலிருந்து ஒரு கர்ப்பப் பரிசோதனை பிறந்தது. பெண்ணின் சிறுநீரை ஆப்பிரிக்க நகத் தவளைக்கு ஊசியில் ஏற்றுவார்கள். மறுநாளைக்குள் தவளை முட்டையிட்டால் அந்தப் பெண் கர்ப்பம். 1947இல் அர்ஜென்டினாவின் கல்லி மைனினி ஆண் தேரையை வைத்து இதைச் சுருக்கினார். ஊசி போட்ட சில மணி நேரத்தில் தேரையின் சிறுநீரில் விந்தணு தெரிந்தால் போதும். இன்று நான் செய்வது கிட்டத்தட்ட அதேதான். ஆண் தவளைக்கு ஊசி போட்டு, அரைமணி கழித்து ஒரு தட்டின் மேல் பிடிக்கிறேன். அது முகத்தை மூடிக்கொண்டு சிறுநீர் கழிக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் விந்தணுக்கள் நீந்துகின்றன. ஒரு வித்தியாசம்தான்: அன்று தவளை நம் வீட்டுச் செய்தியைச் சொன்னது. இன்று அதன் வீட்டில் தொட்டில் ஆடுவதற்கு நம் பெண்களின் ஹார்மோன் போகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "கடன் தீர்க்கிறீர்கள்" என்றார்.

என் முதல் பெரிய தவறு இங்கே வருகிறது.

மனிதக் கருமுட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. காற்றுப் பட்டு உலர்ந்தால் போயிற்று. வளர்ப்புத் திரவத்தில் இட்டு, மேலே எண்ணெய் மூடி, வெப்பம் கொஞ்சமும் இறங்காமல் காப்போம். ஒன்பது ஆண்டுகள் என் விரல்களுக்குள் இறங்கியிருந்த பாடம் அது: முட்டையை உலர விடாதே. தவளையின் முட்டையோ வெறும் கண்ணுக்கே தெரியும், கடுகு போல. அன்று ஒரு பெண் தவளையின் வயிற்றை மெல்ல அழுத்த, முட்டைகள் தட்டில் வந்து விழுந்தன, முந்நூறுக்கு மேல் இருக்கும். விந்து வந்து சேரச் சில நிமிடங்கள் தாமதம். தட்டு காய்ந்து கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பிப்பெட்டில் தண்ணீர் எடுத்துச் சொட்டுச் சொட்டாக நனைத்துவிட்டேன்.

தண்ணீர் பட்டதும் முட்டையைச் சுற்றியுள்ள கூழ் உப்பத் தொடங்கும். உப்பிவிட்டால் விந்தணுவுக்கு வழி கிடையாது. அதனால்தான் முதலில் உலர்ந்த தட்டில் விந்தை ஊற்றி, சில நிமிடம் பொறுத்து, பிறகு தண்ணீர் விடுகிறோம். இது எனக்குத் தெரியாததல்ல, படித்திருந்தேன். என் மூளை படித்ததை என் கை படிக்கவில்லை. அங்கிருந்த மூத்த பெண்மணி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கடிகாரத்தில் நேரம் பார்த்து ஏட்டில் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. அந்த முந்நூறில் ஒன்றுகூடக் கருவுறவில்லை. அந்தத் தவளை அடுத்த முட்டைக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது, நானும்தான்.

மறு ஆண்டு நிலைமை வேறு. கருவுற்ற முட்டை ஒரு மணி நேரத்துக்குள் தானாகப் புரண்டு, கறுத்த பாதியை மேலே காட்டும். தட்டு முழுவதும் கறுப்பாகத் திரும்பிய அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. மனிதக் கருவில் இரண்டாம் நாள் பார்க்கும் பிளவை இங்கே சில மணி நேரத்தில் பார்த்துவிடலாம். காபி குடித்துவிட்டு வந்தால் இரண்டாகியிருக்கும்.

ஆனால் என்னை உண்மையில் திகைக்க வைத்தது வேறொன்று. கோயம்புத்தூரில் விந்து, முட்டை, கரு எல்லாவற்றையும் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறைய வைப்போம். அன்றாட வேலை அது. தவளையில் விந்து மட்டுந்தான் உறைகிறது. உருக்கிய பிறகு பாதி நீந்தினாலே அன்று எங்களுக்குத் திருநாள். முட்டையை உறைய வைத்து உயிரோடு மீட்க இன்றுவரை வழி இல்லை. அவ்வளவு பெரிய உயிரணு, உள்ளே அடர்ந்த மஞ்சள் கரு. உறையும்போது சேதமாகாமல் காக்கும் திரவம் உள்ளே சேருவதற்குள் பனிப் படிகம் கிழித்துவிடும். கருவுக்கும் அதே கதி. பத்திரிகைகள் எங்கள் நைட்ரஜன் கலனை நோவாவின் பேழை என்று எழுதும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். பேழை என்றால் ஜோடி ஜோடியாக ஏற வேண்டும். எங்கள் பேழையில் ஆண்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

அதற்காக அதைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். புவெர்ட்டோ ரிக்கோவின் கொண்டைத் தேரை விஷயத்தில், காட்டிலிருந்த ஆண்களிடம் விந்து எடுத்து உறைய வைத்து, டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் காட்சிசாலைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்த பெண் தேரைகளின் முட்டையில் சேர்த்தார்கள். 2019இல் குஞ்சுகள் வந்த செய்தி வெளியானது. காட்டிலிருந்து ஒரு தேரையைக்கூடப் பெயர்க்காமல், அதன் நோயைச் சுமந்து வராமல், புது ரத்தம் மட்டும் வந்தது. அது சின்ன விஷயமில்லை.

ஆனால் பெண்ணை உயிரோடு வைத்திருந்தாக வேண்டும். அதனால் எங்கள் ஆய்வகத்தில் மதிப்பெல்லாம் பெண் தவளைகளுக்குத்தான். இரண்டு வாரத்துக்கொரு முறை ஸ்கேன். கையில் பிடித்து அடிவயிற்றில் கருவியை வைத்தால், திரையில் முட்டைகள் மணல் போல் தெரியும். முதிர முதிர மணிகள் பெரிதாகும். இந்த ஒரு வேலையில் மட்டும் கோயம்புத்தூர் எனக்குக் கைகொடுத்தது. எந்த நாளில் ஊசி போடலாம் என்பதை அந்த மணல் சொல்லும். தவறவிட்டால் முட்டை உள்ளேயே கெட்டுப்போகும்.

பெயர் வைப்பதில்லை, எண்தான். 27 என்றொரு பெண் தவளை இருந்தாள். அஃறிணையில் எழுதத்தான் நினைக்கிறேன், வரவில்லை. மூன்று முறை முட்டை தந்தவள். ஒரு திங்கட்கிழமை காலை பெட்டியைத் திறந்தபோது அசையாமல் கிடந்தாள். அறுத்துப் பார்த்ததில் வயிறு நிறைய முட்டை. அடுத்த ஸ்கேன் வியாழக்கிழமை என்று நான்தான் குறித்திருந்தேன். மனிதர்களிடம் இப்படியொரு திங்கட்கிழமை எனக்கு வாய்த்ததில்லை. அந்தப் பெண்கள் அழுதார்கள், கோபித்தார்கள், பணம் போயிற்று என்றார்கள், மறுபடி வந்தார்கள். 27இன் முட்டைகளைச் சேமிக்க இந்த உலகில் ஒரு கலனும் இல்லை.

ஒருமுறை தலைப்பிரட்டைகளை விடப் போனவர்களோடு நானும் சென்றேன். பைன் மரங்களுக்கு நடுவே, முழங்காலளவு கறுப்புத் தண்ணீர். வளர்ந்த ஆண் ஏதாவது குறட்டை விடுகிறதா என்று இருட்டும்வரை நின்றோம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெடுவதற்காவது ஒன்று வாய் திறக்காதா என்றிருந்தது. வேறு இனங்கள் கத்தின. திரும்பும் வழியில் காரோட்டியவர், லூசியானாவில் 1965க்குப் பிறகு யாரும் இந்தத் தவளையைப் பார்க்கவில்லை என்றார். அங்கே ஒரு நிலத்தை இதற்காக ஒதுக்க முயன்றபோது நில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு, 2018இல் உச்ச நீதிமன்றம்வரை போனதாம். இன்றைக்குத் தவளை வாழ முடியாத நிலத்தை 'வாழிடம்' என்று சொல்லலாமா என்பதே கேள்வி. நீதிபதிகள் வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். எனக்குச் சட்டம் தெரியாது. தட்டில் முந்நூறு முட்டையைக் கருவுறச் செய்ய எனக்கு ஒரு மணி நேரம் போதும். அந்தக் காட்டில் ஒரு பைன் மரம் முதிர்வதற்கு என் மகளின் ஆயுள் வேண்டும்.

சனிக்கிழமைகளில் நைட்ரஜன் நிரப்புவது என் முறை. கலனின் மூடியைத் திறந்தால் வெண்புகை வழியும். உள்ளே வரிசை வரிசையாக எண்கள், அவற்றில் பல இறந்துபோன ஆண்களுடையவை. போன வாரம் நிரப்பி முடித்துவிட்டு, 27இன் மகள்களில் ஒருத்திக்கு ஸ்கேன் எடுத்தேன். மூன்றாவது வயது நடக்கிறது. திரையில் மணல் இன்னும் நைசாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை என்று எழுதப் போனவள் அதை அடித்துவிட்டு, ஏட்டில் திங்கட்கிழமை என்று குறித்தேன்.