இரண்டு மணி நேர வள்ளி

"தர்க்கத்தை வெட்டிட்டா அப்புறம் அது என்ன வள்ளி திருமணம்?"

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் கொதித்துக்கொண்டிருந்தார். நாரதரும் வள்ளியும் வாதாடும் தர்க்கத்தை வெட்டி, விடிய விடிய நடக்கும் நாடகத்தை இரண்டு மணி நேரமாக்கி அரங்கில் போடும் பேச்சு. "சுருக்கினாத்தானே தாத்தா எங்க வயசு ஆளுங்க வருவாங்க?" என்றான் எதிரே இருந்த இளைஞன்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டி ஆலோலம் பாடும் இடத்தை மெதுவாகப் பாட எடுத்தார். கை பெஞ்சில் தாளம் போட்டது. அந்தப் பையன் டீயை மறந்துவிட்டான்.

இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922இல். அவர் பாட்டுகள் இன்னும் கோயில் திருவிழா மேடைகளில் ஒலிக்கின்றன. இப்படி விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. வேறு வேறு ஊர் நடிகர்கள் அன்றிரவுதான் மேடையில் சந்திப்பார்கள். நாரதர் கேட்பதற்கு வள்ளி அங்கேயே மடக்கிப் பதில் சொல்ல வேண்டும். ஆர்மோனியக்காரரும் அந்தப் போக்கிலேயே போக வேண்டும். என்ன ஒரு திறமை!

அரங்குக்கு வரட்டும், டிக்கெட் போடட்டும், எனக்குச் சம்மதம்தான். பபூன் காமெடியைக்கூடக் குறைக்கலாம். ஆனால் தர்க்கத்தை எழுதி மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அதை அந்த நடிகர்களிடமே விட்டுவிடுங்கள்.