செம்பூர் வாடகை வீட்டில் பூஞ்சை: செலவு யாருடையது?

சுவருக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துவிட்டால், பூஞ்சைக்கு யார் பொறுப்பு என்ற சண்டை பாதி தீர்ந்துவிடும். போன மழைக்காலத்தில் செம்பூரில் நாங்கள் பட்ட பாட்டை, மும்பையில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஜூலையில் படுக்கையறையின் மேற்குச் சுவரில், பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளிகள் தெரிந்தன. ஆகஸ்டுக்குள் அவை திட்டாகிவிட்டன. பையனுக்கு ராத்திரி இருமல் நிற்கவே இல்லை. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே சொல்லியிருக்கிறது. மழை முடியட்டும் என்று சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கார மாமியிடம் போனில் சொன்னேன். "துணிய உள்ள காயப்போட்டா அப்படித்தாம்மா வரும், ஜன்னலத் திறந்து வை" என்றார். அதிலும் நியாயம் உண்டு. ஈரத்துணி, சமையல் ஆவி, சாத்தியே கிடக்கும் ஜன்னல் இவற்றால் பூஞ்சை வந்தால் குடியிருப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இது அதுதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சுவரைத் துடைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விட வேண்டும். தாளின் அறைப்பக்கம் நீர் பூத்தால் வீட்டுக் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் பூத்தால் சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம். எங்களுக்குச் சுவர்ப்பக்கம்தான் முத்து முத்தாக நின்றது. பெருமழைக்கு மறுநாள் திட்டு பெரிதானது, குளியலறையோ அந்தப் பக்கமே இல்லை. அப்புறம் சந்தேகம் எதற்கு? தேதியோடு போட்டோக்களை மாமிக்கு அனுப்பினேன்.

வாடகையைப் பிடித்துவை என்று நண்பர்கள் சொன்னார்கள். வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து செலவை வாடகையில் கழிக்கலாம் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108ஆவது பிரிவில் சொல்வது உண்மைதான். ஆனால் அது குத்தகைக்கு உரியது. மும்பையில் நாம் பெரும்பாலும் கையெழுத்துப் போடுவது 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம், அதாவது குத்தகை உரிமை தராமல் குடியிருக்க அனுமதி மட்டும் தருவது. அதில் எழுதியிருப்பதுதான் முதலில் செல்லும். எங்கள் ஒப்பந்தத்தில் பெரிய பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. வாடகையை நிறுத்தினால் பேச்சு பூஞ்சையை விட்டு வாடகைப் பாக்கிக்குப் போய்விடும் என்பதால் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினேன்.

உண்மையான இழுபறி சொசைட்டியோடுதான், அதாவது கட்டடத்தைப் பராமரிக்கும் வீட்டு உரிமையாளர்களின் சங்கத்தோடு. மகாராஷ்டிர வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி விதிகள்படி வெளிச்சுவர், மழைநீர்க் கசிவு, பொதுக்குழாய் எல்லாம் சொசைட்டி செலவு. வீட்டுக்குள் கழிப்பறை, சிங்க் கசிந்தால் அந்த உறுப்பினர், அதாவது வீட்டு உரிமையாளர் செலவு. வாடகைக்காரர் எழுதினால் எங்கள் கமிட்டி அசையவில்லை, உறுப்பினர்தான் எழுத வேண்டும் என்றது. மாமிக்கோ முட்டிவலி, கமிட்டியோடு மல்லுக்கு நிற்கவும் தயக்கம். கடிதத்தை நானே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, சொசைட்டி ஆபீசில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். "மேல் வீட்டு பாத்ரூமா இருக்கும்" என்று தட்டிக்கழித்த செக்ரட்டரி, அந்த முத்திரைக்குப் பிறகுதான் பிளம்பரை அனுப்பினார். வெளியே மழைநீர்க் குழாயின் இணைப்பு விட்டிருந்தது, அதன் பின்னால் பூச்சில் விரிசல். குழாயை உடனே மாற்றினார்கள். பூச்சு வேலை மழை ஓய்ந்து அக்டோபர் கடைசியில் நடந்தது.

சுத்தம் செய்தது நாங்கள். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தோம். காய்ந்தபடியே சுரண்டினால் பூஞ்சை வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பிளீச்சோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும். மாமி சீக்கிரம் பெயின்ட் அடித்துவிடலாம் என்றார். சுவர் காயட்டும் என்று பிடிவாதமாக நின்றேன். பெயின்ட் செலவு அவருடையது. பூஞ்சை பிடித்த மெத்தைக்கு யாரும் ஈடு தரவில்லை, அது எங்கள் நஷ்டம்தான்.

ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது புதிதாக எழுதிச் சேர்த்தோம்: வெளிச்சுவர், குழாய்க் கசிவால் வரும் பூஞ்சை உரிமையாளர் பொறுப்பு, காற்றோட்டமும் அன்றாடச் சுத்தமும் எங்கள் பொறுப்பு. எல்லாச் சுவர்களின் போட்டோக்களையும் இணைத்து, ஒவ்வொன்றிலும் மாமியும் நானும் கையெழுத்திட்டோம்.