கேரவன் நிக்கறப்போதான் ஃபிரிட்ஜ் கெடுது

வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. ரெண்டையும் ஏறி இறங்கினாலும் கேரவன்ல இருக்கற 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. சுமார் 30 டிகிரி சாய்வைத் தாங்கற மாதிரிதான் அந்தக் கம்ப்ரஸரைச் செய்யறாங்க. கெடறதெல்லாம் ஊர் திரும்பின பிறகுதான். களைப்புல சுவிட்சை அணைச்சு, கதவை நல்லா அழுத்திச் சாத்தி, வண்டியைத் தோட்டத்துச் சாளைக்குப் பக்கத்துல நிறுத்திட்டுப் போயிடறோம். உள்ளே ஃப்ரீசர் பெட்டியில ஒட்டியிருந்த பனி உருகுது. அந்தத் தண்ணி போக வழியில்லை, காத்து வர வழியில்லை. மூணு வாரம் கழிச்சுத் திறந்தா கதவு ரப்பர் மடிப்பெல்லாம் கருப்புப் பூஞ்சை, முகத்துல அடிக்கற வாடை.

அணைக்காம ஓடவே விட்டுட்டா என்னன்னு கேக்கறவங்க நிறைய. கணக்குப் போட்டுப் பாருங்க. 50 லிட்டர் ஃபிரிட்ஜ் ஓடறப்போ 4லிருந்து 5 ஆம்பியர் இழுக்கும். ஈரோடு, கரூர் வெயில்ல பாதி நேரமாவது கம்ப்ரஸர் ஓடிட்டேதான் இருக்கும். ஆக ஒரு நாளைக்கு 50-60 ஆம்பியர் ஹவர். 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில பாதிக்கு மேல எடுத்தா அதோட ஆயுசு குறையும். அப்படின்னா ஒரே நாள்ல கணக்கு முடிஞ்சுது. கொட்டகை நிழல்ல நிக்கற வண்டிக்கு மேல சோலார் பேனல் இருந்தும் பிரயோஜனம் இல்லை. வெயில்ல நிறுத்தினா இன்னொரு தொல்லை: சித்திரை மத்தியானத்துல சாத்தின தகர வண்டிக்குள்ள 50 டிகிரியைத் தாண்டும், கம்ப்ரஸரோட எலக்ட்ரானிக் பெட்டி சூடு தாங்காம தானே நிறுத்திக்கும். ரெண்டு மூணு நாள்ல மறுபடி கிளம்பறதா இருந்தா வீட்டுக் கரண்ட்ல சொருகி ஓட விடுங்க, தப்பில்லை. ஒரு வாரத்துக்கு மேலன்னா காலி பண்ணி, பனியை உருக்கி, காய வெச்சு அணைக்கறதுதான் சரி.

பனி எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சா பாதி வேலை குறையும். 35 டிகிரி வெயில்ல, ஈரப்பதம் பாதி இருக்கற காத்துல ஒரு கன மீட்டருக்குச் சுமார் 20 கிராம் தண்ணி ஆவியா இருக்கும். 50 லிட்டர் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கற காத்து முழுசா மாறினா ஒரு கிராம் தண்ணி உள்ளே போச்சு. ஒரு நாளைக்கு 30 தடவை திறந்தா 30 கிராம். நாலு நாள் பயணத்துல ஒரு டம்ளர் நெருங்கிடும். இது வெறும் காத்துக் கணக்கு. ஆறாத அரிசிம்பருப்புச் சாதம், மூடாத குழம்பு, கழுவி ஈரத்தோட வெச்ச கீரைக்கட்டு, மூடி சரியில்லாத மோர்ப் போசி, இதுகளோட பங்கு அதைவிடப் பெரிசு. ஐப்பசி கார்த்திகை மழையில வெளிக் காத்தே ஈரமா இருக்கும், பனியும் சீக்கிரம் கட்டும்.

அந்தப் பனிக்குள்ள நிறையக் காத்துக் குமிழ்தான், ஃப்ரீசர் பெட்டியோட அலுமினியத் தகட்டுக்குக் கம்பளி போர்த்தின கதை. குளிர் வெளியே வராது, கம்ப்ரஸர் ஓடிட்டே இருக்கும், பேட்டரி இறங்கும். ஸ்கேல் வெச்சுப் பார்த்து 5 மில்லி மீட்டரைத் தாண்டியிருந்தா, பயணத்துக்கு நடுவுல இருந்தாலும் உருக்கிட்டுத்தான் போகணும்.

உருக்கறதுக்கு முன்னாடி பனி எப்படிப் படிஞ்சிருக்குன்னு ஒரு நிமிஷம் பாருங்க. இதை யாரும் செய்யறதில்லை, ஆனா இதைவிட மலிவான பரிசோதனை வேற இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே சீரா இருந்தா அது சாதாரண ஈரம். கதவுப் பக்கம் மட்டும் திட்டா இருந்தா ரப்பர் காத்து விடுது. தகட்டுல ஒரு மூலையில மட்டும் பனி, மீதி இடம் வெறுமனே இருந்தா கேஸ் குறைஞ்சிருக்கு. உருக்கிப் பிரயோஜனம் இல்லை, மெக்கானிக்கைத்தான் பார்க்கணும்.

இனி வேலைக்கு வருவோம். பொருளையெல்லாம் வெளியே எடுத்துட்டு, அணைச்சு, கதவை முழுசாத் திறந்து வைங்க. தட்டு, கூடை, ஃப்ரீசர் பெட்டியோட சின்னக் கதவு கழட்ட வருதுன்னா கழட்டிடுங்க. கீழே பழைய வேட்டியோ துண்டோ நாலா மடிச்சுப் போடுங்க. தண்ணி முன்பக்கம் வடிஞ்சு தரைப் பலகைக்குப் போனா பிளைவுட் உப்பிக்கும், ஃபிரிட்ஜை விடத் தரைச் செலவு ஜாஸ்தி. ரெண்டு சின்னப் போசியில சுடுதண்ணி எடுத்துக்குங்க. விரலை விட்டா சட்டுனு எடுக்கத் தோணற சூடு போதும், 60 டிகிரி இருக்கும். கொதிக்கக் கூடாது, பிளாஸ்டிக் நெளிஞ்சிடும். போசிக்கு அடியில மடிச்ச துணி வெச்சு, ஒண்ணை ஃப்ரீசர் பெட்டிக்குள்ள, இன்னொண்ணை அதுக்கு நேர் கீழே வைங்க. 15-20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணியை மாத்துங்க. மூணு மாத்துக்குள்ள பனி தகட்டை விட்டுப் பாளம் பாளமாக் கழண்டு வரும். அப்போ கையால எடுத்துக் குண்டாவுல போட்டுடுங்க, உருகற வரைக்கும் உள்ளே விட்டு வைக்காதீங்க.

கத்தி, ஸ்குரூ டிரைவர், தோசைக்கரண்டி எதுவும் உள்ளே போகக் கூடாது. அந்தத் தகடு ரெண்டு மெல்லிய அலுமினியத்தை ஒட்டி, நடுவுல கேஸ் ஓட வழி விட்டது. ஒரு குத்து போதும். "உஸ்"ஸுனு ஒரு சத்தம் வரும், அதோட ஃபிரிட்ஜ் முடிஞ்சது. ஓட்டையை எம்-சீல் வெச்சு அடைச்சாலும் அதுக்குள்ள ஈரக்காத்து உள்ளே போயிருக்கும். வேக்கம் பம்ப் போட்டு அந்தக் காத்தை உறிஞ்சி எடுத்து, ஈரம் இழுக்கற ஃபில்டர் டிரையரை மாத்தி, கேஸ் நிரப்பினாத்தான் ஓடும். பின்பக்கத்து லேபிள்ல ஆர்-600ஏ-ன்னு போட்டிருந்தா அது எரியற வாயு. குத்திட்டோம்னு தெரிஞ்சா சுவிட்சு எதையும் தொடாம, அடுப்பைப் பத்த வைக்காம, கதவு ஜன்னலைத் திறந்து விட்டு வெளியே வந்துடணும்.

ஹேர் டிரையர் போடறவங்களும் உண்டு. தண்ணி சொட்டற இடத்துல 230 வோல்ட்டைக் கையில பிடிச்சிட்டு நிக்கறது தேவையில்லாத வேலைன்னு நினைக்கறேன். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு டேபிள் ஃபேனைத் தள்ளி வெச்சுத் திருப்பி விட்டா ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துல தானே உருகிடும்.

மேல்பக்கம் திறக்கற பெட்டி மாடல்ல தண்ணி அடியில தேங்கும். அடைப்பான் இருந்தா கழட்டி வடிங்க, இல்லைன்னா பஞ்சால ஒத்தி எடுங்க. பெட்டியைக் கவிழ்த்தா தண்ணி எலக்ட்ரானிக்ஸ் பக்கம் இறங்கிடும். வடிகுழாய் இருக்கற மாடல்ல ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சுல வெதுவெதுப்பான தண்ணி ஏத்தி அடைப்பை எடுக்கணும். கம்பி விட்டா குழாய் கழண்டுக்கும்.

கழுவறதுக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு ஸ்பூன் ஆப்பசோடா. ஃபினாயில் வேண்டாம், பிளாஸ்டிக் அந்த வாசனையை உறிஞ்சிக்கும், அடுத்த பயணத்துல தயிர்ல கூட அடிக்கும். ரப்பர் மடிப்பைப் பழைய டூத் பிரஷ்ஷால தேயுங்க. கருப்பு இருந்தா வினிகரும் தண்ணியும் சமமாக் கலந்து தொட்டுத் தேய்ச்சு, நல்ல தண்ணியில துடைங்க. அப்புறம் பத்து ரூபாய் நோட்டை வெச்சுக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்க. நாலு பக்கமும் கொஞ்சம் பிடிச்சு வரணும். சும்மா வந்தா அந்த இடத்துல சுடுதண்ணித் துணியால ஒத்தடம் குடுத்து ரப்பரை இழுத்து நிமிர்த்துங்க. ரப்பர் காயாம இருக்க சிலிக்கான் கிரீஸ் லேசாத் தடவலாம். தேங்கெண்ணெய் தடவினா சிக்கு வாடையும் கரப்பானும் இலவசம்.

இப்போதான் முக்கியமான கட்டம். துடைச்சாச்சுன்னு கதவைச் சாத்தக் கூடாது. ஃபேன் காத்துல மூணு மணி நேரம், அதுக்கப்புறம் ஒரு நாள் முழுக்கக் கதவு திறந்தே கிடக்கணும். தகட்டுக்குப் பின்னாடி, தட்டுக் காடியில, ரப்பர் மடிப்புல ஒளிஞ்சிருக்கற ஈரம் துணிக்கு எட்டாது. அதுக்குப் பிறகும் வண்டி நிக்கற நாள் பூராவும் ரெண்டு விரல் இடைவெளி இருக்கணும். நிறைய கேரவன் ஃபிரிட்ஜ்ல கொக்கிக்கு ரெண்டாவது நிலை ஒண்ணு இருக்கும், கதவைக் கொஞ்சம் திறந்த மேனிக்கே பூட்டி வைக்கறதுக்குன்னே குடுத்தது. அது இல்லைன்னா ரெண்டு இன்ச் பிவிசி பைப் துண்டு ஒண்ணை நடுவுல வெச்சுக் கயித்தால கட்டிடுங்க. கட்டாம விட்டா, வண்டியைக் கொட்டகைக்குள்ள நகர்த்தறப்போ கதவு ஆடிக் கீலே பிஞ்சு வந்துடும். உள்ளே ஒரு வட்டில்ல அடுப்புக்கரி வெச்சா மிச்ச வாடையையும் இழுத்துக்கும். கருவாடு வெச்சிருந்த பெட்டின்னா கரியை ஒரு தடவை மாத்த வேண்டி வரும்.

உள்ளே முடிஞ்சுதுன்னா பின்பக்கம். சூட்டை வெளியே விடற கண்டென்ஸர், அதை ஊதற சின்ன ஃபேன், ரெண்டும் சுத்தமா இருந்தாத்தான் குளிரும். பல்லடம், சோமனூர்ப் பக்கம் நிக்கற வண்டியில பஞ்சுத் தூசி போர்வையாட்டவே படிஞ்சிருக்கும். பொள்ளாச்சியில தென்னை நார்த் தூசி, நாமக்கல்ல கோழித் தீவனத் தூசி. பெயின்ட் பிரஷ்ஷால தட்டி, புளோயரால ஊதி விடுங்க. பஞ்சர் கடை ஏர் குழாயைக் கிட்டத்துல பிடிச்சா அலுமினியத் தகடெல்லாம் படுத்துக்கும். பாடி கட்டற பட்டறைகள்ல சில இடத்துல ஃபிரிட்ஜை அலமாரி மாதிரியே இறுக்கி அடைச்சுடறாங்க; கீழே குளிர் காத்து நுழைய ஒரு வழி, மேலே சூடு போக ஒரு வழி கண்டிப்பா வேணும். அதுக்கு எலி புகாத கம்பி வலை போடுங்க, ஆனா கொசுவலை அளவுக்கு நெருக்கமா வேண்டாம். அதுல தூசி அடைச்சா வழி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கரண்ட் விஷயத்துல, தெர்மோஸ்டாட்டை பூஜ்யத்துக்குத் திருப்பினா மட்டும் போதாது. டிஜிட்டல் பேனல் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துட்டே இருக்கும். ஃபியூஸைக் கழட்டுங்க, இல்லைன்னா பேட்டரி இணைப்பையே துண்டிக்கற ஐசொலேட்டர் சுவிட்சை அணைங்க. லெட் ஆசிட்டை மாசம் ஒரு தடவையாவது சார்ஜ் ஏத்தணும்.

ஃபியூஸ் மறுபடி போடறப்போ மல்டிமீட்டரை ஃபிரிட்ஜோட முனையில வெச்சு, கம்ப்ரஸர் ஓடறப்போ வோல்டேஜ் பாருங்க. பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜுக்கு ஆறு மீட்டர்னா போக வர 12 மீட்டர் ஒயர். 1.5 ஸ்கொயர் (சதுர மில்லி மீட்டர்) ஒயர்ல 5 ஆம்பியருக்கு 0.7 வோல்ட் வழியிலேயே போயிடும், 6 ஸ்கொயர்ல 0.2 கிட்டத்தான். பேட்டரியில 12 வோல்ட் இருக்கறப்பவே ஃபிரிட்ஜ் நின்னுடுதுன்னு வர்ற புகாருக்கெல்லாம் பெரும்பாலும் ஒயர்தான் காரணம், இல்லைன்னா சிகரெட் லைட்டர் சாக்கெட் லூஸ். டான்ஃபாஸ், சீகாப் கம்பெனிகளோட பிடி35 வகைக் கம்ப்ரஸர்ல சின்ன எல்இடி பொருத்தியிருந்தா அதுவே சொல்லிடும்: ஒரு மினுக்கு வோல்டேஜ் குறைவு, ரெண்டு ஃபேன் அதிகமா இழுக்குது, மூணு மோட்டார் கிளம்பலை, நாலு வேகம் எடுக்க முடியலை, அஞ்சு சூடு. அஞ்சு மினுக்கு வந்தா முதல்ல அந்தப் பஞ்சுத் தூசியைப் பாருங்க. இந்த வகைக்கு 12 வோல்ட்ல 15 ஆம்பியர் ஃபியூஸ், 24 வோல்ட் வண்டியில 7.5.

வெளிநாட்டிலிருந்து வந்த கேரவன்ல கம்ப்ரஸர் இல்லாம, சமையல் கேஸ் எரியற சூட்டுலயே குளிர வைக்கற அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் இருக்கலாம். ஊட்டிக்குச் சரி. வெளிச்சூட்டை விட 20-25 டிகிரிதான் குறைக்கும்கறதால சமவெளிக் கோடையில பால் தங்காது. வண்டி சமமா நிக்கலைன்னா குளிரவே குளிராது. நிக்கற நாள்ல பர்னர் குழாய்ல குளவி மண் கூடும் சிலந்தி வலையும் கட்டிடும், கிளம்பறதுக்கு முன்னாடி பார்த்தே ஆகணும். பின்பக்கம் மஞ்சப் பொடியும் அமோனியா நெடியும் இருந்தா கூலிங் யூனிட் போச்சு, வெறுங்கையால தொடாதீங்க, அந்தப் பொடி விஷம்.

மறுபடி கிளம்பறதுக்கு முந்தின நாள் பொழுதோடவே வீட்டுக் கரண்ட்ல போட்டுடுங்க. காலி ஃபிரிட்ஜ் 4 டிகிரிக்கு வர ராத்திரி பூரா ஆகட்டும். உள்ளே டம்ளர் தண்ணியில தெர்மாமீட்டர் நிறுத்தி வெச்சா காலையில நிஜ சூடு தெரியும், பேனல்ல காட்டறது சென்சார் இருக்கற இடத்தோட கணக்கு மட்டும்தான். வீட்டு ஃபிரிட்ஜ்ல ஏற்கனவே குளிர்ந்த பொருளைத்தான் ஏத்தணும். சூட்டோட ஒரு குண்டா ஏத்தினா அன்னைக்குப் பேட்டரியில நல்ல பங்கு அதுக்கே போயிடும். வீட்டு ஃப்ரீசர்ல உறைய வெச்ச ரெண்டு தண்ணி பாட்டில் கூட வெச்சா கம்ப்ரஸருக்கு நல்ல துணை. முக்கால் பங்குக்கு மேல அடைக்காதீங்க, காத்து சுத்த இடம் வேணும். இட்லி மாவைப் பாத்திரத்துல பாதி அளவுக்கு மட்டும் ஊத்துங்க. திருப்பத்துல குலுங்கறப்போ வழிஞ்சா, அந்தப் புளிச்ச மாவு ஃப்ரீசர் தகட்டுக்குக் கீழே காடியில போய்க் காஞ்சு ஒட்டிக்கும், ஆப்பசோடாத் தண்ணிக்கும் சுலபமா வராது.